மூன்றாவது நாற்காலிக்கு ஆள் தேவை

பதினோரு மாதத்தில் ஆறு பேர் அந்த நாற்காலியை விட்டுப் போயிருந்தார்கள்.

மற்ற நாற்காலிகளில் அப்படி இல்லை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலை ஒட்டி வரிசையாக நான்கு மேசைகள். முதல் மேசைக்காரி ஒன்பது வருடமாக இருக்கிறாள். இரண்டாவது மேசைக்காரர் ஒரு தடவை கோபித்துக்கொண்டு போய், நான்கே நாளில் திரும்பி வந்துவிட்டார். நான்காவது மேசைக்காரி பிரசவத்துக்குப் போனவள்கூடக் கைக்குழந்தையோடு வந்து "என் இடம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். மூன்றாவதில் மட்டும் ஆள் நிற்கவில்லை.

அந்த நிறுவனத்தில் செயற்கைக் கண் செய்தார்கள். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் கண்ணுக்கு ஜோடியாக இன்னொரு கண். பார்வை வராது, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான். நல்ல கண்ணின் புகைப்படத்தை எதிரே மாட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான் அளவு வட்டில் கருவிழியை வரைய வேண்டும். சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து மயிரிழையாக்கி, வெள்ளைப் பகுதியில் நரம்புகளாக ஒட்ட வேண்டும். பிறகு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, சூடு, மெருகு. விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்பதால் பகல் வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை.

ஆளெடுக்கும் பொறுப்பு ஒரு பெண்ணுடையது. வந்தவர்களை அவள் சலிக்கிற சலிப்பைப் பார்த்துப் பட்டறையில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். அதை வீட்டில் போய்ச் சொல்லித் தொலைத்ததில் அவள் கணவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

சல்லடை யாரிடமும் சான்றிதழை முதலில் கேட்பதில்லை. சிக்குப் பிடித்த பட்டு நூல் உருண்டை ஒன்றை மேசையில் வைத்து, "இத எடுத்துக் கொடுங்க, பாப்போம்" என்பாள். அவள் பார்ப்பது கையை அல்ல, முகத்தை. புருவம் நெரிகிறவர்களை அனுப்பிவிடுவாள். பல்லால் கடித்து அறுக்கிறவர்களை அப்போதே அனுப்பிவிடுவாள். நூலைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டு ஆரம்பிக்கிறவர்களை வைத்துக்கொள்வாள். எடுத்த ஆளைத் தக்கவைப்பதிலும் அவள் கெட்டி. முதுகு சாய்கிற நாற்காலிகளை வாங்க வைத்தவள் அவள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் சலுகை வாங்கிக் கொடுத்தவள் அவள். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவளுக்கு மற்றவர்களுக்கு முன்னால் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு மூன்றாவது நாற்காலி மட்டும் பிடிபடவே இல்லை.

ஆறாவதாகப் போனவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். நாற்பது வயது, நிதானமான மனிதர். பத்தொன்பதாம் நாள் மதியம் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிவிட்டார். சல்லடை பின்னாலேயே ஓடி, பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்தாள்.

"என்ன குறைன்னு சொல்லிட்டுப் போங்க. நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன்."

"மேடம், நான் குடிக்கிற ஆள் இல்ல. முதல்ல அதச் சொல்லிடறேன்."

"தெரியும். சொல்லுங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காலைல ஒன்பதே காலுக்கு உக்காந்தா என் கை என்கிட்ட இல்ல மேடம். நான் போட்டோவ இன்னும் பாத்திருக்க மாட்டேன், அது பாட்டுக்கு கலர் கலக்க ஆரம்பிச்சிரும். தப்பாக் கலந்தாக்கூட மனசு ஆறிப்போகும். ஒரு தடவகூட தப்பே வரல. பன்னெண்டு அம்பது ஆனதும் தூரிகைய இப்படி..." இடது முன்கையில் தூரிகையைத் துடைப்பதுபோல் இழுத்துக் காட்டினார். "இப்படித் தொடச்சிட்டுக் கை என்கிட்ட வந்துரும். எனக்கு இந்தப் பழக்கமே கெடையாது. இருபது வருஷமா துணி வச்சிருக்கேன் தொடைக்க. பாருங்க."

அவருடைய சட்டையின் இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே பழுப்பும் கறுப்புமாகக் கோடுகள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே அளவில்.

"வீட்ல இருக்கற எல்லா சட்டையிலயும் இருக்கு மேடம்" என்றார். பேருந்து வந்தது. அது சரியாக நிற்பதற்குள் ஏறிவிட்டார்.

முதலாளியிடம் அவள் முழுவதையும் சொல்லவில்லை. சொன்னால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று ஒரு கூச்சம். "அவருக்கு வேலை ஒத்துவரலயாம்" என்று மட்டும் சொன்னாள். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த ஆறு பேர் போட்ட கண்ணுல ஒண்ணாவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துச்சா?"

"இல்லங்கய்யா."

"மத்த மேசையில பத்துக்கு ரெண்டு திரும்பி வருது. அப்போ குறை வேலையில இல்ல. ஆள்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இனிமே நல்லா வரையற ஆளத் தேடாதீங்க. கை போற போக்குல விட்டுட்டுப் பேசாம உக்கார்ற ஆளாத் தேடுங்க."

சல்லடை தன் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. கையைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவளே போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் மணி ஒன்பது பத்து. எதிரே யாரோ ஒரு நடுவயதுக்காரரின் கண், புகைப்படத்தில். அவளுக்கு வரையத் தெரியாது. பள்ளியில் மாம்பழம் வரைந்தால் ஆசிரியை பலூன் என்று திருத்தியிருக்கிறார். தூரிகையைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு, முதல் மேசைக்காரி இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதே காலுக்குக் கை நகர்ந்தது.

யாரும் பிடித்து இழுத்தது மாதிரி இல்லை. குளிரவும் இல்லை. கை மரத்துப்போனால் அது தன்னுடையது அல்ல என்று தோன்றுமே, அப்படி. ஆனால் இந்தக் கை மரத்துப்போகாமல் சுறுசுறுப்பாக இருந்தது. பழுப்பில் ஒரு துளி மஞ்சளைத் தொட்டு, யோசித்து, இன்னும் அரைத்துளி தொட்டது. வட்டின் நடுவிலிருந்து வெளியே மெல்லிய கோடுகளை இழுத்தது. அவள் கத்த நினைத்தாள், வெட்கமாக இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் நின்றுவிடும் என்று ஏனோ தெரிந்தது. ஆனாலும் எழவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது அந்த வேலை.

கருவிழியின் கீழ் ஓரத்தில் கை ஒரு கறுப்புப் புள்ளி வைத்தது. 'ஐயோ, கெட்டுப்போச்சே' என்று நினைத்தபடி புகைப்படத்தை உற்றுப் பார்த்தாள். அந்த மனிதரின் கண்ணில், அதே இடத்தில், கடுகில் பாதியாக ஒரு புள்ளி இருந்தது. அதுவரை அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

பதினொரு மணிக்குக் கை தூரிகையை இடது சட்டைக்கையில் துடைத்துவிட்டு, மேலே வந்து அவளுடைய இடது தோளை அழுத்திப் பிசைந்தது. மூன்று தடவை. பின்னால் ஏதோ விழுந்து உருண்டது. திரும்பினாள். மெருகு போடுகிறவர் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த கண் தரையில் ஓடி மேசைக் காலில் முட்டி நின்று, மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா..." என்றார் அவர். அவளைப் பார்த்துத்தான்.

சல்லடை சட்டென்று எழுந்தாள். எழுந்த கணமே கை அவளுடையதானது. அவரை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"யாரு அக்கா?"

"பெரியக்கா மேடம். நீங்க வர்றதுக்கு முந்தி இந்த நாற்காலியில இருந்தவங்க. இருபத்தாறு வருஷம். நாங்க எல்லாருமே அவங்க கையப் பாத்துக் கத்துக்கிட்டவங்கதான். பதினொரு மணிக்குத் தோள்பட்டை வலிக்கும் அவங்களுக்கு. இப்படித்தான், மூணு தடவ."

"எப்ப இறந்தாங்க?"

மெருகுக்காரர் திகைத்தார். "இறந்தாங்களா? நல்லாத்தான் இருக்காங்க. ரெண்டு பஸ் மாறணும், தங்கச்சி வீட்ல இருக்காங்க. போன வருஷம் வேலைய விட்டாங்க."

அன்று மாலை வீட்டில் அவளுடைய சட்டையைத் துவைக்கப் போட எடுத்த கணவன், "என்ன சல்லடை, பெயின்ட் அடிக்கிற வேலையும் குடுத்துட்டாங்களா?" என்றான். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். தன் கைகளில் கிரீஸ் இல்லாத நாளே கிடையாது என்பதால் அவள் சட்டையில் கறை கண்டதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவன் சட்டையை வாளியில் போட்டான். பிறகு, "அந்தம்மா உயிரோட இருக்காங்கன்னா போய்ப் பாத்துட்டு வந்துரு. போகாம இருந்தா நீ தூங்க மாட்ட, என்னையும் தூங்க விட மாட்ட" என்றான்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள்.

கதவைத் திறந்தவள் தங்கை. ஐம்பது வயது, வெடுக்கென்ற பேச்சு. நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் "ஓ, ஒரு வழியா வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்றபடி ஒதுங்கி வழிவிட்டாள். நடையில் ஒரு ஸ்கூட்டர் பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. உள்ளே பெரியக்கா மேசையருகே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி, ஒரு காலை நீட்டியபடி. சீவிய பென்சில்கள் பத்துப் பதினைந்து வரிசையாக இருந்தன. சும்மா, கைக்கு வேலை வேண்டுமே என்று சீவியவை.

"உக்காருங்க" என்றார். "மூணாவது நாற்காலிதான?"

சல்லடை தலையை ஆட்டினாள்.

தங்கைதான் பேசினாள். சுவரிலிருந்த காலண்டரை எடுத்துவந்து அவள் மடியில் போட்டாள். "பாருங்க. சிவப்பு வட்டம் போட்ட நாளெல்லாம் எங்கக்காவுக்குக் கை கெடையாது. காலைல ஒன்பதே கால்லருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ரெண்டு கையும் துணி மாதிரித் தொங்கும். தண்ணி டம்ளர்கூடப் பிடிக்க முடியாது. பன்னெண்டு அம்பதுக்கு உயிர் வரும். அரைமணி நேரம். அதுக்குள்ள அவசர அவசரமாச் சாப்பிட்டுக்கணும். மறுபடி போயிரும். ஞாயித்துக்கிழமை மட்டும் இந்தத் தொந்தரவு கெடையாது. மூணு டாக்டர் பாத்தாச்சு. ஒருத்தர் நரம்புங்கறார், ஒருத்தர் மனசுங்கறார், ஒருத்தர் எங்ககிட்டயே 'உங்களுக்கு என்ன தோணுது'ங்கறார்."

சல்லடை காலண்டரைப் புரட்டினாள். வட்டங்கள் ஒரு தேதியில் தொடங்கி, சில வாரம் ஓடி, நின்றன. மறுபடி தொடங்கின. அந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றும் அவள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "வாங்க, இதுதான் உங்க இடம்" என்று நாற்காலியைக் காட்டிய தேதி. கடைசி வட்டம் இந்த வாரச் செவ்வாய். அதில் மட்டும் பாதி வட்டம்.

"செவ்வாய்க்கிழம ரெண்டு மணி நேரம்கூட ஆகல. பதினொண்ணுக்கு வந்துருச்சு" என்றாள் தங்கை. "ஏன்னே தெரியல."

"அது நான்தான்" என்றாள் சல்லடை.



"முதல் வட்டம் இருக்கு பாருங்க," என்றார் பெரியக்கா, நீட்டிய காலைத் தடவிக்கொண்டே. "அன்னிக்கு நான் வண்டி ஓட்டிட்டு இருந்தேன். வேலைய விட்டதும் முதல் காரியமா ஸ்கூட்டர் கத்துக்கிட்டேன். இவ சிரிச்சா, அம்பத்தெட்டு வயசுல எதுக்குன்னு. ஒரு மாசம் நல்லாத்தான் ஓட்டினேன். அன்னிக்குத் திருப்பத்துல ரெண்டு கையும் இல்லாமப் போச்சு. வண்டி எங்க போச்சு, நான் எங்க போனேன்னு தெரியல. கால் மூணு எடத்துல ஒடஞ்சுது."

"எப்படி ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்குத் தோணுதா?"

பெரியக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "கடைசி நாளைக்கு என் ராஜினாமாக் கடுதாசிய அவர் வாங்கவே இல்ல. மேசையில வச்சேன். அதத் தொடக்கூட இல்ல. நானும் கெளம்பறப்ப எல்லாரும் சொல்ற மாதிரி 'போயிட்டு வரேங்கய்யா'ன்னேன். போறேன்னு யாராவது சொல்லுவாங்களா? அவர் எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். இருபத்தாறு வருஷத்துல தொட்டதில்ல. 'வாங்கம்மா. நீங்க வராட்டியும் இந்தக் கை வந்துட்டே இருக்கணும்'னார். கண்ணுல தண்ணி. எனக்கும் அழுகையா வந்துச்சு. நானும்... நானும் சரின்னு தலையாட்டிட்டேன்."

தங்கை மூவருக்கும் டீ கொண்டுவந்தாள். பெரியக்கா கண்ணாடி டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனார். அப்போது டம்ளர் கீழே விழுந்து உடைந்தது.

அவர் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி. சூடான டீ மணிக்கட்டில் வழிந்தது. அவர் அதை இழுக்கவில்லை, துடைக்கவில்லை. அதிர்ச்சியும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "யாரோ உக்காந்துட்டாங்க."

சல்லடை திரும்பி வந்தபோது மதியம் ஆகிவிட்டது. மூன்றாவது நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார், முகத்தில் பூரிப்பு. "நீங்க இல்லாத நேரத்துல நானே எடுத்துட்டேன். தையல் கடையில இருந்தவங்களாம். காலைலருந்து ரெண்டு கண்ணு முடிச்சாச்சு. ஒரு முணுமுணுப்பு இல்ல."

தையல்காரி உணவு இடைவேளையில் சல்லடையிடம் வெளிப்படையாகவே பேசினாள். குண்டு முகம், எப்போதும் ஒரு பாட்டை மூக்கால் முனகுகிற பழக்கம். "கை பாட்டுக்கு வேல செய்யுது மேடம், நான் பாட்டுக்கு வீட்ட நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பதினாலு வருஷம் தைச்சேன். எந்த முதலாளியாவது என் வேலைய அவரே செஞ்சு குடுத்திருக்காரா? எனக்கு பயமெல்லாம் இல்ல. பேயா இருந்தாலும் வேலை தெரிஞ்ச பேய்."

"பேய் இல்ல" என்றாள் சல்லடை. எல்லாவற்றையும் சொன்னாள். காலண்டர், ஸ்கூட்டர், மடியில் கிடந்த கைகள்.

தையல்காரியின் முனகல் நின்றது. டிபன் டப்பாவை மூடினாள். "என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்காரு. எனக்கு இந்த வேல வேணும்." கொஞ்ச நேரம் கழித்து, "நான் எந்திரிச்சா அவங்களுக்குக் கை வந்துருமா?" என்று கேட்டாள்.

"வந்துரும்."

மறுநாள் அவள் நாற்காலியில் நிலைகொள்ளவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தாள். கழிவறைக்கு எழுந்தாள். ஜன்னலைத் திறக்க, ஜன்னலை மூட. உணவு இடைவேளை முடிந்தும் முக்கால் மணி நேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். முதலாளி சத்தம் போட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். சல்லடை அவளைத் தேடிப் போனபோது சொன்னாள்: "குளிச்சிருப்பாங்கல்ல இந்நேரம்? பொம்பளைக்குக் குளிக்க முக்கால் மணி நேரமாவது வேணும்."

அன்று மாலை சல்லடை முதலாளி அறைக்குப் போய்ப் பெரியக்காவின் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னாள். முதலாளி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"நாற்காலி மாத்தினா, டீ நேரத்த மாத்தினா ஆள் நிப்பாங்கன்னு நெனக்கிறீங்க. நிக்கலாம். எத்தன வருஷம்? பத்து? ஒரு நாள் வயசாகும், கண்ணு மங்கும், போயிருவாங்க. நான் ஒரே ஒரு மேசையோட ஆரம்பிச்சப்போ அந்தம்மா மட்டும்தான் கூட இருந்தாங்க. அவங்க கை இல்லன்னா இந்தக் கம்பெனி சும்மா பொம்மைக்குக் கண்ணு செய்யற கடை." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் யாரையும் கட்டி வைக்கல. அவங்களே சரின்னாங்க."

"அவங்களால தண்ணி குடிக்க முடியலைங்கய்யா."

"அதெல்லாம் தங்கச்சி சொல்ற கதை. வயசானா கை நடுங்கும்" என்றார் முதலாளி. ஆனால் அவர் பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரியக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். சல்லடைதான் வரச் சொல்லியிருந்தாள். தையல்காரி அன்று நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். மெருகுக்காரர் ஓடிவந்து "அக்கா, அக்கா" என்று சுற்றிச் சுற்றி வந்தார். சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார்.

பெரியக்காவைக் கண்டதும் அவர் முகம் இளகியது. அதில் பொய் இல்லை என்று சல்லடை பிறகு சொல்வாள். "வாங்கம்மா, வாங்க" என்று கிட்டே போனார்.

"ஐயா, என்னை அனுப்பிவிட்டுருங்க" என்றார் பெரியக்கா.

"நீங்க எப்பவோ போயிட்டீங்களேம்மா. நான் எங்க பிடிச்சு வச்சிருக்கேன்?"

பெரியக்கா இரண்டு கைகளையும் நீட்டினார். "அப்ப பிடிச்சீங்கல்ல. இப்பவும் பிடிச்சுப் பாருங்க."

பட்டறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியால் மறுக்க முடியவில்லை. ஒரு சங்கடச் சிரிப்போடு அந்தக் கைகளைப் பிடித்தார். வெதுவெதுப்பான கைகள், விரல்கள் அவர் விரல்களைப் பதிலுக்கு இறுக்கிப் பிடித்தன. "நல்லாத்தான இருக்கு?" என்றார், எல்லோரையும் பார்த்து.

சுவரில் மணி ஒன்பது பதினாறு. சல்லடை மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் பிடித்திருந்தவை இப்போது கைகள் அல்ல. பிடியில் இருந்தது எடை மட்டும்தான். விரல்கள் ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையிலிருந்து வழுக்கி விழுந்தன. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிடிக்கப் பிடிக்கத் தொங்கின. அதே நேரம் அவருக்கு வலப்பக்கம், வரையவே தெரியாத ஒரு பெண்ணின் கை தூரிகையை எடுத்து, நிறம் கலந்து, கோடு இழுக்க ஆரம்பித்தது. தூரிகை வட்டில் உரசும் சத்தம் அந்த அமைதியில் நன்றாகக் கேட்டது. அவர் இந்தக் கைகளைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் எட்ட நின்று பார்த்த கை எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எந்திரிங்க," என்றார். குரல் வரவில்லை. மறுபடி கத்தினார்: "எந்திரிங்கன்னு சொல்றேன்ல!"

சல்லடை எழவில்லை. எழ வேண்டும் என்று அவளுக்கும் உடம்பெல்லாம் துடித்தது. கை கோடு இழுத்துக்கொண்டே இருந்தது. "அவங்களப் போகச் சொல்லுங்கய்யா" என்றாள்.

"போயிட்டு..." என்று ஆரம்பித்தார் முதலாளி. வாய்ப்பழக்கம். பெரியக்கா தலையை ஆட்டினார். "போறேங்கய்யா" என்றார், ஒவ்வொரு எழுத்தும் கேட்கிற மாதிரி. "வர மாட்டேன். போறேன்."

முதலாளி தன் பிடியில் தொங்கியவற்றைப் பார்த்தார். "போங்க," என்றார். "போங்கம்மா. போயிருங்க."

சல்லடையின் விரல்களிலிருந்து தூரிகை நழுவி மேசையில் உருண்டது. அவள் இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள். கையை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். மாம்பழத்தைப் பலூனாக வரைகிற அவளுடைய சொந்தக் கை. அங்கே பெரியக்கா முதலாளியின் பிடியிலிருந்து தன் கைகளை மெதுவாக உருவிக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்தார். இருவரும் படியிறங்கும் சத்தம் கேட்டது. யாரும் வழியனுப்பப் போகவில்லை. மெருகுக்காரர் போக எழுந்தவர், என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு முதலாளி யாரோடும் கை குலுக்கியதில்லை. வருகிற மருத்துவர்களுக்கு நின்ற இடத்திலிருந்தே தலையசைப்பார். ஒரு வாரம் கழித்து ராஜினாமாக் கடிதம் கையெழுத்தோடு சல்லடையின் மேசைக்கு வந்தது. மூலையில் தண்ணீர் பட்டுக் காய்ந்த தடம் இருந்தது. பெரியக்காவுக்கு அதற்குப் பிறகு வட்டம் போட வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அந்த வீட்டில் பகலில் கண்ணாடி டம்ளர் எடுப்பதில்லை என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். தினமும் ஒன்பதே கால் ஆனால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். ஐந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி பேசுவார்களாம்.

தையல்காரியை அனுப்பிவிட வேண்டும் என்றார் முதலாளி. சல்லடை விடவில்லை. பட்டு நூல் உருண்டையை அவள் முன் வைத்துப் பார்த்தாள். தையல்காரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முனகிக்கொண்டே ஆறு நிமிடத்தில் பிரித்துக் கொடுத்தாள். நரம்பு ஒட்டுவதற்கு அவளைவிடக் கை கிடைக்காது. நிறம்தான் வரவில்லை. முதல் மேசைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும் பதினேழு கண்ணைக் கெடுத்தாள். ஒவ்வொன்றும் கெட்டபோது, "போன வாரம் இதே கைதான மேடம்?" என்று கேட்டாள். சில நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தூரிகையைப் பிடித்தபடி, வெறுமனே காத்திருப்பதைச் சல்லடை பார்த்திருக்கிறாள். எதற்காக என்று கேட்டதில்லை.

பதினெட்டாவது தேறியது. அதன் சொந்தக்காரர் ஒரு லாரி ஓட்டுநர். கண்ணைப் பொருத்திக்கொண்டு, ஜன்னலருகே கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. புதியது ஒரு சாயல் வெளுப்பு. அவர் அதைக் கவனித்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அசல் இல்லதான்" என்றார். "ஆனா என் பையன் பயப்படாமப் பாப்பான். யாருங்க போட்டது?"

பட்டறையில் ஒரு கணம் எல்லோரும் மூன்றாவது மேசையைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றாள் தையல்காரி. தேவைக்குமேல் சத்தமாக. பிறகு தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "நானேதான்" என்றாள்.